அழியும் பொருளில் ஆளுருவம்: வாசகர் கேள்வி – பதில்

மணல், மஞ்சள், சோப்பு, ரப்பர் பால் என்று நிற்காத பொருள்களில் தம் உருவத்தையே செய்துவைத்து, அது அழிவதையும் படைப்பின் ஒரு பகுதியாகக் கொண்ட கலைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். படித்துவிட்டுத் தாங்களே செய்து பார்த்தவர்களும், செய்யப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்களுக்கு முன் ஒன்று. நிலையாமை என்று தலைப்பு வைத்துவிட்டதால் எது கெட்டாலும் சரி என்று ஆகிவிடாது. எது மாற வேண்டும், எதனால், ஏறக்குறைய எத்தனை நாளில் என்பதைச் செய்பவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானிக்காமல் வந்த விரிசல் வெறும் பழுதுதான்.

அனா மெந்தியேத்தா கடற்கரை மணலில் தன் உருவத்தைத் தோண்டி, அலை அடித்துப்போக விட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் எப்படிச் செய்தார்? எங்கள் ஊர்க் கடற்கரையில் செய்ய முடியுமா?
— வாசகி, நாகப்பட்டினம்

முடியும். முதலில் அவர் செய்ததைப் பார்ப்போம். 1948இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். 1961இல், 12 வயதில், பெற்றோர் இல்லாமல் அக்காவுடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அயோவாவில் விடுதிகளிலும் வளர்ப்பு வீடுகளிலும் வளர்ந்தார். மண்ணோடு தன் உடலை ஒட்டவைக்கும் ஆவல் அங்கிருந்து வந்தது. 1973இல் மெக்சிகோவின் யாகுல் என்ற இடத்தில் பழங்கால சபோட்டெக் கல்லறைக் குழி ஒன்றில் படுத்து, உடம்பை வெள்ளைப் பூக்களால் மூடிப் படம் எடுக்கவைத்தார். அதுவே ‘சிலுவேத்தா’ (நிழலுருவம்) வரிசையின் தொடக்கம். பிறகு உடல் விலகிக்கொள்ள, உருவக்கோடு மட்டும் மிஞ்சியது. தன் அளவுக்கு வெட்டிய அட்டையை மண்ணில் வைத்து வரைந்துகொள்வார். அந்த வடிவத்தை மண், பூ, கல், பனி, நெருப்பு, வெடிமருந்து என்று இடத்துக்குத் தக்க பொருளால் நிரப்புவார். 1976இல் மெக்சிகோவின் லா வென்டோசா கடற்கரையில் செய்ததில் குழியைச் சிவப்பு நிறப்பொடியால் நிரப்பி, அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவதை வரிசையாகப் படம் எடுத்தார். நமக்கு இன்று கிடைப்பது அந்த 35 மி.மீ. ஸ்லைடுகளும் சூப்பர்–8 படச்சுருள்களும்தான். ஒரு சூப்பர்–8 சுருள் 50 அடி; நொடிக்கு 18 கட்டம் வீதம் ஓடினால் 3 நிமிடம் 20 நொடி. அவருடைய பல படங்கள் ஏறக்குறைய அந்த நீளத்தில் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இனி உங்கள் வேலை. பழைய செய்தித்தாளை ஒட்டிப் பெரிதாக்கி, அதன்மேல் படுத்து, வேறொருவரைக் கொண்டு கோடு போடச் சொல்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்கவேண்டும். சாய்த்தால் உருவம் இருபுறமும் ஓரிரண்டு செ.மீ. மெலிந்துவிடும். அந்தக் கோட்டை 5 மி.மீ. தடிமன் அட்டையில் மாற்றி வெட்டுங்கள். விரல், காது போன்ற நுணுக்கங்களை விட்டுவிடலாம். மணல் அவற்றைத் தாங்காது.

குழி 8 முதல் 10 செ.மீ. ஆழம் போதும். காய்ந்த மணலில் ஓரம் உடனே சரியும். காலடி பதிந்தால் விளிம்பு கூர்மையாக நிற்கிற அளவு ஈரமான பட்டையைத் தேர்ந்தெடுங்கள். தமிழகக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் ஓதத்தை மட்டும் நம்பினால் காத்துக் காத்துச் சலித்துவிடுவீர்கள். நீர் ஏறத் தொடங்கும் வேளையில் போய், அலை நாக்கு அதிகமாக வந்து தொடும் கோட்டைப் பத்து நிமிடம் கவனித்து, அதிலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே, கால் பக்கம் கடலைப் பார்க்கும்படி உருவத்தை வையுங்கள். கால் முதலில் போகும், முகம் கடைசியில். தலை கடலைப் பார்த்தால் வரிசை தலைகீழாகும். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. ஆனால் முடிவாக இருக்கட்டும்.

நிறத்துக்குக் காவிக்கல் பொடி அல்லது சலித்த செம்மண். சாயம் ஏற்றிய கலர் கோலப்பொடி வேண்டாம், தண்ணீரில் சாயம் பிரிந்து ரோஜா நிறமாக ஓடும். 150 செ.மீ. உயர உருவத்தின் பரப்பு சுமார் அரை சதுர மீட்டர். அதில் அரை செ.மீ. கனத்துக்குப் பரப்ப மூன்று கிலோ வேண்டியிருக்கும். பொடியை அப்படியே கொட்டினால் முதல் அலையில் மேலே மிதந்து ஒரே வீச்சில் போய்விடும். சம அளவு ஈர மணலோடு பிசைந்து அடியில் ஒரு படலம் அழுத்தி, அதன்மேல் தனிப்பொடியை மெல்லத் தூவுங்கள். அப்போதுதான் நிறம் அடுக்கடுக்காகக் கழியும்.

முக்காலியைக் குழி தோண்டும் முன்பே நிறுத்திவிடுங்கள். தோண்டிய பிறகு நிறுத்தப்போனால் உங்கள் காலடிகள் படத்தில் விழும். கேமராவின் வெளிச்சம், குவியம், வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) மூன்றையும் பூட்டிவிட்டு, 5 நொடிக்கு ஒரு படம் எடுங்கள். அரை மணி நேரத்துக்கு 360 படம். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 15 நொடிப் படம். தானியங்கி வெளிச்சத்தில் விட்டால் ஒவ்வொரு நுரைக்கும் படம் மினுக்கி மினுக்கி மாறும். பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரைகளில் தோண்டவே வேண்டாம். வெடிமருந்து பயன்படுத்திய மெந்தியேத்தாவின் படைப்புகளைப் பார்த்துவிட்டு அதைத் தொட்டுப்பார்க்கும் ஆசையும் வேண்டாம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

மஞ்சள் சாற்றில் என் முகத்தைத் தாளில் அச்சிட்டு வீட்டுச் சுவரில் மாட்டினேன். இரண்டு வாரத்தில் மங்கத் தொடங்கிவிட்டது. வெண்காரம் (போராக்ஸ்) தெளித்தால் நிலைக்கும் என்றார்களே?
— வாசகர், ஈரோடு

வெண்காரம் நிறத்தை மாற்றும், நிலைநிறுத்தாது. இந்த முறையில் நிலைநிறுத்தும் மருந்து என்று எதுவுமே இல்லை. மஞ்சளின் நிறம் குர்குமின். வெயில் பட்டால் அது சிதைந்து வெளுக்கும். அந்தச் சிதைவுதான் உங்கள் படத்தை உண்டாக்கியது. அதே சிதைவுதான் அதை அழிக்கவும் போகிறது. 1842இல் ஜான் ஹெர்ஷல் பூச்சாறுகளில் இதை ஆராய்ந்த நாளிலிருந்து உள்ள நிலைமை இது. நிரந்தரம் தேவைப்பட்டவர்கள் வெள்ளி உப்புக்குப் போனார்கள். தன் முகம் மங்குவதையே காட்ட வேண்டியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதவில்லை. அதனால் முழு முறையையும் சொல்கிறோம். விரலி மஞ்சளை வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். உதிரியாக விற்கும் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்திருந்தால் அந்த மஞ்சள் வெயிலில் வெளுக்காது, படம் மொத்தமும் மூட்டமாக வரும். அதோடு ஈயம் நஞ்சு. கஸ்தூரி மஞ்சளில் நிறம் போதாது. 10 கிராம் தூளை 50 மி.லி. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்கி, மூடிவைத்து, பத்து நிமிடம் கழித்துப் பழைய வேட்டித்துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். தண்ணீரில் கரைக்க முயன்றால் குர்குமின் கரையாது, தூள்தான் தாளில் ஒட்டும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் ஆவி சட்டென்று பற்றும்.

தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத வாட்டர்கலர் தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அகலத் தூரிகையால் இடம்வலமாக ஒரு பூச்சு, காய்ந்ததும் மேல்கீழாக இரண்டாவது. மூன்றாவது வேண்டாம். கனத்தால் அழகு கூடும் என்று தோன்றும். ஆனால் வெயில் அடிப்பகுதிவரை போய் வெளுக்கவைக்க ஒரு நாள் பிடிக்கும், அதற்குள் நிழல் பகுதியும் மங்கிவிடும். சில தாள்களில் சுண்ணாம்பு வகைத் தூள் சேர்த்திருப்பார்கள். பூசிய உடனே ஆங்காங்கே செம்புள்ளி எழுந்தால் அதுதான் காரணம், வேறு தாள் மாற்றுங்கள்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். இங்கே நெகட்டிவ் வைக்கக் கூடாது. வெயில் பட்ட இடம் வெளுக்கும், படாத இடம் நிற்கும். ஆகவே உங்கள் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே பாசிட்டிவாக, ஒளி ஊடுருவும் ஓ.எச்.பி. பிளாஸ்டிக் ஷீட்டில் அச்சிட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் அடிக்கும் ஒரு ஷீட்டின் கறுப்பு, உச்சி வெயிலை முழுதாகத் தடுக்காது. ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் அடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒட்டுங்கள். அழுத்தமான வெளிச்சம்–நிழல் உள்ள படமாக இருக்கட்டும். பக்கவாட்டு விளக்கில் எடுத்த முகம் நன்றாக விழும். தாள், ஷீட், மேலே கண்ணாடி, கீழே பலகை, நான்கு பக்கமும் கிளிப். இடைவெளி இருந்தால் கண், உதடு எல்லாம் பஞ்சுபோல் கலங்கிவிடும்.

சித்திரை வெயிலில் காலை பத்தரைக்கு வைத்தால் இரண்டு முதல் நான்கு மணி நேரம். கண்ணாடியை முழுக்க எடுக்காமல் ஒரு மூலையை மட்டும் தளர்த்தி எட்டிப் பாருங்கள். வெயில் பட்ட இடம் வெளிறிய தந்த நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். உள்ளே கொண்டுவந்து, 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் 5 கிராம் வெண்காரத்தைக் கரைத்து, தெளிப்பானால் ஓர் அடி தூரத்திலிருந்து மெல்லிய சாரலாக அடியுங்கள். எஞ்சியிருக்கும் மஞ்சள் கண்ணெதிரே செங்கல் சிவப்பாகும். மஞ்சளிலிருந்து குங்குமம் செய்யும் வீடுகளில் வெண்காரம் சேர்ப்பதும் இந்த நிறமாற்றத்துக்காகத்தான். பக்கத்தில் வைத்து அடித்தால் துளிகள் வழிந்து முகத்தில் கண்ணீர்க் கோடு போலக் கறை விழும். அரை நிமிடம் விட்டு, தட்டில் ஊற்றிய சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை அலசி, நிழலில் காயவையுங்கள்.

மங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. இருட்டு உறைக்குள் வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வாரக்கணக்கு. சன்னலிலேயே என்றால் நாள்கணக்கு. ஒரே முகத்தை ஏழு தாளில் அச்சிட்டு, கண்காட்சி நாளுக்கு ஒன்றாக உறையிலிருந்து எடுத்து மாட்டுங்கள். ஏழாம் நாள் சுவரில் ஒரே முகத்தின் ஏழு வயது நிற்கும். ஒற்றைப் படம்தான் என்றால் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி மாட்டி, நிறைவு நாளில் அட்டையை எடுங்கள்.

முகத்தை ஆல்ஜினேட்டில் (தண்ணீரில் கலந்தால் ரப்பர்போல் இறுகும் அச்சுத்தூள்) அச்சு எடுத்து, அதில் கிளிசரின் சோப்பை வார்த்தேன். மூக்கு ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, முகம் சின்னதாகத் தெரிகிறது, தோல் புள்ளிபுள்ளியாக இருக்கிறது. போதாததற்கு ஒரு வாரமாக முத்துமுத்தாக வியர்க்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

நான்கு குறைக்கும் காரணம் தண்ணீர்தான். ஆல்ஜினேட்டின் பெரும்பகுதி தண்ணீர். எடுத்த ஒரு மணி நேரத்திலேயே அது உலர்ந்து சுருங்கத் தொடங்கும். பின்னால் கெட்டியான தாங்கு அச்சு இல்லாவிட்டால் சரிந்து கோணும். சூடான சோப்பை ஊற்றியதும் அச்சிலிருந்து ஈரம் கசிந்து புள்ளி விழுந்திருக்கிறது. வியர்வை வேறு கதை: கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும்.

மறுபடி எடுக்கும்போது முகத்துக்கு மட்டும் 400 முதல் 500 கிராம் ஆல்ஜினேட் தேவை. கலவை விகிதம் உறையில் இருக்கும்படி. தண்ணீரை மட்டும் ஃபிரிட்ஜில் குளிரவைத்து 15 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பல் மருத்துவக் கடையில் கிடைக்கும் வகை நம் அறை வெப்பத்தில் பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும். புருவம், இமைமுடி, மீசை, நெற்றி ஓரம் எல்லாவற்றிலும் வாசலின். ஆளை நேராக உட்காரவையுங்கள். படுக்கவைத்தால் கன்னமும் தாடையும் காதுப் பக்கம் சரிந்து, அவருக்கே அடையாளம் தெரியாத முகம் வரும். குறைந்தது 6 மி.மீ. கனம். இறுகும் முன் பஞ்சுத் துணுக்குகளை மேலே ஒற்றினால், அடுத்து வரும் பிஓபி பேண்டேஜ் (பிளாஸ்டர் ஏற்றிய கட்டுத்துணி) பிடித்துக்கொள்ளும். அதில் நான்கு அடுக்கு, மூக்குத் தண்டிலும் தாடையிலும் ஐந்து. இதுதான் நீங்கள் விட்டுவிட்ட தாங்கு அச்சு.

மூக்குத் துளைகளைத் திறந்தே விடுங்கள். குழல் செருகினால் மூக்கு விரிந்து உருவம் மாறும், இடித்தால் காயம் படும். துளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். தனியாகச் செய்யவே கூடாது. கட்டைவிரல் கீழே போனால் உடனே கழற்றுவது என்று பேசிக்கொள்ளுங்கள். ஆல்ஜினேட் இல்லாமல் பிளாஸ்டர் கலவையை நேராகத் தோலில் கனமாக அப்புவதோ, கையை அதில் முக்குவதோ பெரிய ஆபத்து. இறுகும்போது அது 60 டிகிரியைத் தொடும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கைகளை அப்படி முக்கி, பெரும்பாலான விரல்களை இழந்தார்.

கழற்றிய உடனே 100 பங்கு பிளாஸ்டருக்கு 65 பங்கு தண்ணீர் என்று எடையில் கலந்து வார்த்துவிடுங்கள். ஆல்ஜினேட் ஒரே வார்ப்புக்குத்தான். கிடைத்த பிளாஸ்டர் முகத்தை நன்றாகக் காயவைத்து, அரக்குப் பூசி, அதன்மேல் அறை வெப்பத்திலேயே இறுகும் ஆர்டிவி சிலிகானில் அச்சு எடுங்கள். இனி எத்தனை முகம் வேண்டுமானாலும் வார்க்கலாம். பிளாஸ்டரில் கண் மூடியே இருக்கும், மரண முகமூடியைப் போல. கண்ணைத் திறந்து செதுக்குவதா, அப்படியே விடுவதா என்று இந்தக் கட்டத்தில் முடிவெடுங்கள். சோப்பில் திருத்த முடியாது.

ஜேனின் அன்டோனி 1993இல் இதே வழியில்தான் போனார். ஆல்ஜினேட்டில் தன்னை அச்செடுத்து, சாக்லேட்டில் ஏழும் சோப்பில் ஏழுமாக மார்பளவு உருவங்கள் வார்த்தார். சாக்லேட்டை நக்கியும், சோப்பைக் குளிப்பாட்டியும் தன் முகத்தைத் தானே தேய்த்தார். தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: மூக்கு நுனி, புருவ மேடு, உதடு, கன்னம் முதலில், கண்குழி கடைசியில். எங்கே நிறுத்துவது என்பதுதான் படைப்பின் சிக்கலான பகுதி. ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்துவைத்தால் நிறுத்துமிடம் தெரியும்.

கிளிசரின் சோப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெய்ச் சோப்புக்கு மாறுங்கள். வியர்க்காது, கெட்டியாக இருக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 174 கிராம் சுத்தமான காஸ்டிக் சோடா, 350 மி.லி. தண்ணீர். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. இரண்டும் ஆறி 40 டிகிரிக்கு வந்தபின் கலக்கி, கூழ் பதத்தில் அச்சில் ஊற்றி, மறுநாள் எடுத்து, நாலைந்து வாரம் காற்றில் வையுங்கள். காயும்போது கொஞ்சம் சுருங்கும். முழுக்கட்டியாக வார்த்தால் நடுவில் சூடேறி வெடிக்கும் என்பதால், முகத்தின் பின்புறத்தைக் குடைவாக விட்டு 3 செ.மீ. கனத்தில் வாருங்கள்.

கோலமும் இந்த வகைதானே? இதற்கு ஏன் வெளிநாட்டுக் கலைஞர்களைத் தேட வேண்டும்?
— வாசகி, தஞ்சாவூர்

அழியும் என்று தெரிந்தே நாள்தோறும் போடுவதில் கோலத்துக்கு நிகரானது அரிது. ஆனால் கோலம் போட்டவரின் முகத்தைக் காட்டுவதில்லை, அது வாசலுக்கும் வீட்டுக்கும் உரியது. சென்ற இதழின் பொருள் தன்னுருவம் என்பதால் கோலத்தை அதில் சேர்க்கவில்லை. தன்னுருவத்தைக் கோலமாவில் போட விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கடையில் விற்பது பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி. அதை எறும்பு தொடாது, காற்றும் கால்களும்தான் கலைக்கும். எறும்பு கொண்டுபோக வேண்டுமென்றால் பச்சரிசியை ஊறவைக்காமல் மெல்லிய ரவைப் பதத்தில் உடையுங்கள். நைசாக அரைத்தால் விரலிடுக்கில் ஒழுங்காக விழாது.

ரப்பர் பாலைக் காட்டன் துணியில் பூசி என் இரண்டு கைகளின் உறைகளைச் செய்து, பித்தளை ஆணியில் தொங்கவிட்டேன். ஓராண்டில் பழுப்பாகி, ஒட்டி, இப்போது மடிப்பில் உடைகிறது. காப்பாற்ற முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

முடியாது. காற்றின் ஆக்சிஜனும் வெளிச்சமும் ரப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுக்கும்போது அது இளகி ஒட்டும். பிறகு அறுந்தவை தாறுமாறாகப் பிணைந்து விறைத்து நொறுங்கும். நீங்கள் எழுதியிருப்பது அதே வரிசை. பித்தளை ஆணி இதை வேகப்படுத்தியிருக்கிறது. பித்தளையில் உள்ள தாமிரம் ரப்பருக்கு எமன். ஆணி பட்ட இடத்தைப் பாருங்கள், அங்கேதான் முதலில் கறுத்திருக்கும்.

இந்தப் பொருளின் பாடத்தை ஈவா ஹெஸ்ஸிடமிருந்து படிக்கலாம். 1936இல் ஹாம்பர்க்கில் பிறந்து, 1970இல் 34 வயதில் நியூயார்க்கில் மூளைக் கட்டியால் இறந்தவர். 1969இல் அவர் செய்த ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ கண்ணாடியிழைக் கம்புகளுக்கு நடுவே ரப்பர் பால் பூசிய சல்லாத்துணி தொங்கும் பெரிய படைப்பு. செய்தபோது வெளிச்சம் ஊடுருவும் இளமஞ்சள் தோல். பிறகு பழுப்பேறி விறைத்தது. நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் பல பத்தாண்டுகள் கிடங்கில் வைத்திருந்து, நீண்ட பராமரிப்புக்குப் பின் 2022இல் மறுபடி காட்டியது. ரப்பர் நிலைக்காது என்பது ஹெஸ்ஸுக்குத் தெரியும். வாங்குகிறவர்களை நினைத்துத் தயங்கியதையும் வெளிப்படையாகச் சொன்னவர். தயக்கத்தை மறைக்காத அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

அடுத்த முறை தோட்டத்துப் பாலை அப்படியே பூசாமல், அம்மோனியா சேர்த்த 60 சதவீதச் சென்ட்ரிஃபியூஜ் பாலில், முன்பே வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்து உறுதியாக்கிய) வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, முந்தையது வெண்மை போய்க் கண்ணாடித்தன்மை வந்த பிறகே அடுத்தது. எட்டுப் பத்துப் பூச்சில் தோல் கனம் வந்துவிடும். ஒரே மூச்சில் கனமாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே பால் அப்படியே நிற்கும். காய்ந்ததும் டால்கம் தூவாவிட்டால் மடிப்புகள் தமக்குள் ஒட்டிக்கொண்டு பிரியாது. தொங்கவிடத் துருப்பிடிக்காத எஃகு அல்லது நைலான். இதெல்லாம் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. விரைவாக முதுமை வேண்டுமானால் ஒரு கையை வெயிலிலும் மற்றதை இருட்டுப் பெட்டியிலும் வைத்து, ஆண்டு முடிவில் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். உங்கள் யோசனைக்கு அது நன்றாகவே பொருந்தும். ரப்பர் பாலால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டு. முதலில் மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

சாக்லேட்டில் சிலை செய்தால் சென்னையில் நிற்குமா?
— வாசகி, சென்னை

நிற்காது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். டீட்டர் ரோத் 1968இல் சாக்லேட்டும் பறவைத் தீனியும் கலந்து, தன்னை வயோதிகராகக் காட்டும் மார்பளவு உருவங்களை வார்த்தார். தோட்டத்தில் கம்பின்மேல் நட்டுப் பறவைகள் கொத்தித் தின்ன வேண்டும் என்பது எண்ணம். அது குளிர்நாட்டு யோசனை. நம் ஊருக்குக் கருப்பட்டி. சிரட்டையில் வார்த்துப் பழகிய பொருள். அச்சில் நன்றாக விழும். இரண்டு கிலோ கருப்பட்டியை 150 மி.லி. தண்ணீரில் உருக்கி வடிகட்டி, 118 முதல் 120 டிகிரி வரை காய்ச்சி, இறக்கிக் கிளறி, மணல்போலக் கட்டத் தொடங்கும்போது சிலிகான் அச்சில் ஊற்றுங்கள். பதம் குறைந்தால் முகம் இறுகாது, மிஞ்சினால் கசந்து நொறுங்கும். கொதிபாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும், முழுக்கை உடுப்பு வேண்டும். ஐப்பசி ஈரத்தில் தானே கசியும். அதுவரை எறும்பு வேண்டாமென்றால் பீடத்தின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்பு வரவேண்டிய நாளன்று கிண்ணத்தை எடுத்துவிட்டால் போதும்.

மார்க் குவின் தன் ரத்தத்தையே உறையவைத்து முகம் செய்தாராமே?
— வாசகர், திருச்சி

ஆம், 1991இல். ஐந்து மாத காலத்தில் எடுத்த நாலரை லிட்டர் அளவு ரத்தத்தைத் தன் தலையின் அச்சில் உறையவைத்தார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக ஒன்று செய்கிறார். 2006ஆம் ஆண்டு உருவம் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. உறைபெட்டியின் மின்சாரம் இருக்கும்வரைதான் அந்த முகம். பின்பற்ற வேண்டாம், ரத்தம் எடுப்பதும் வைத்திருப்பதும் மருத்துவ விஷயம். உறைநிலைதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால் காய்ச்சி ஆறிய தண்ணீரை, பனிப்பெட்டியில், முகம் உள்ள அடிப்பக்கத்தை மட்டும் விட்டு மேலேயும் பக்கங்களிலும் தெர்மகோலால் மூடிய அச்சில் உறையவையுங்கள். கீழிருந்து மேலாக உறைவதால் வெண்மூட்டம் மேலே, பின்புறத்தில் ஒதுங்கி, முகம் தெளிவாக இருக்கும். 

இப்படிப்பட்ட படைப்பை ஒருவர் வாங்க முன்வந்தால் என்ன எழுதிக்கொடுப்பது? கண்காட்சி முடிந்ததும் மிச்சத்தை என்ன செய்வது?
— வாசகி, புதுச்சேரி

ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கையெழுத்திடுங்கள். என்னென்ன பொருள், எந்த விகிதம். என்ன மாற்றம் வரும், எது வந்தால் அது பழுது. எதை மாற்றிப் புதிதாக வைக்கலாம், எதை வைக்கக் கூடாது. எந்த நிலையில் படைப்பு முடிந்ததாகக் கொள்வது, அதை யார் சொல்வது. வாங்குபவர் பொருளை வாங்குகிறாரா, மறுபடி செய்யும் உரிமையை வாங்குகிறாரா, படங்களை வாங்குகிறாரா என்பது தெளிவாக இருக்கட்டும். பெலிக்ஸ் கொன்சாலெஸ் டோரஸ் 1991இல் தன் காதலர் ராஸின் உருவமாக 175 பவுண்டு, அதாவது 79 கிலோ மிட்டாயைக் குவித்தார். பார்வையாளர் எடுத்துப்போகலாம், குறைந்ததை மறுபடி நிரப்பலாம். மிட்டாய் மாறிக்கொண்டே இருக்கும், குறிப்புதான் படைப்பைத் தாங்குகிறது.

நேர்மாறான முடிவுக்கு ஸோய் லெனர்ட். 1992 முதல் 1997 வரை, நண்பரை இழந்த துயரத்தில், தின்ற வாழைப்பழம், ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற ஏறக்குறைய 300 பழத்தோல்களை நூலும் கம்பியும் பொத்தானும் கொண்டு தைத்தார். அவற்றைக் கெடாமல் பாதுகாக்கும் முறையை ஒரு பராமரிப்பு வல்லுநர் கண்டுபிடித்துக் கொடுத்தார். பார்த்துவிட்டு லெனர்ட் வேண்டாம் என்றார். தோல்கள் சுருங்கிக்கொண்டே பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாதுகாக்கும் வழி கையில் இருக்கும்போது மறுப்பதற்கும், வழி தெரியாமல் கெடவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படைப்பு இல்லை.

மிச்சத்துக்கு வருவோம். பிளாஸ்டர் கலக்கிய வாளியைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் படிந்ததைக் குப்பையில் போடுங்கள். ரப்பரை எரிக்கக் கூடாது; கரும்புகையும் நச்சு வாயுவும் வரும். வெண்காரத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடி கருகும், நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடுங்கள். காவியும் செம்மண்ணும் மண்ணுக்கே போகலாம். தேய்ந்த சோப்பைச் சீவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கினால் அடுத்த முகத்துக்கு ஆகும். சிலிகான் அச்சைத் தாங்கு அச்சோடு சேர்த்தே, பிளாஸ்டர் முகத்தின்மேல் கவிழ்த்து வையுங்கள். தனியாக வைத்தால் சில மாதத்தில் தளர்ந்து, அடுத்த வார்ப்பில் மூக்கு மறுபடி கோணும்.